வைத்தியனும் சட்டமும்

மலர்க் குழுவினர் எனக்கு விடுத்த கடிதத்தில், "கல்லூரி நினைவுகளை எழுதலாம், அன்றேல் தங்கள் தொழில் பற்றி மாணாக்கர்க்குப் பயன்படும் ஏதேனும் எழுதலாம்" என்று குறித்திருந்தனர். என்னளவில் இவ்விரண்டும் வெவ்வேறல்ல. வைத்தியத் தொழிலில் எனக்கு நேர்ந்த பெருஞ் சோதனையொன்றில் எனக்குத் துணைநின்ற பாடம், கொழும்பு வைத்திய பீடத்திற் கற்றதன்று. நம் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்திற் கற்றது. அதனையே இங்கு எழுத விழைகின்றேன். இதில் என் தவறொன்றும் சொல்லப்படும். எழுபதைக் கடந்தவன் தன் தவற்றைச் சொல்லுதற்கு நாணவேண்டியதில்லை. சொல்லாது போதற்கே நாணவேண்டும்.

நான் 1962 இல் நம் கல்லூரியின் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தேன். உயர்தர வகுப்பில் எமக்கு இரசாயனம் கற்பித்த ஆசிரியர் தம் பெயர் அச்சில் வருவதை ஒருபொழுதும் விரும்பாதவர். ஆதலின் இங்கும் அவரைப் பெயரிடேன். வெள்ளை வேட்டியும் முழங்கைவரை மடித்த சட்டையுமாக அவர் ஆய்வுகூடத்துள் நுழைந்தால், குழாயிலிருந்து சொட்டும் நீரின் ஒலியும் கேட்கும். அவர் வகுப்பில் ஒரு விதி இருந்தது. செய்முறைக் கொப்பியில் அழிறப்பர் கூடாது. சவர அலகு கூடாது. தவறாக எழுதிய எண்ணை, கீழே இருப்பது தெரியும்படி ஒரேயொரு கோட்டினால் வெட்டி, சரியானதை மேலே எழுதி, பக்கத்திற் கையொப்பமும் திகதியும் இடல்வேண்டும்.

1968 இல் ஒருநாள் அமிலத்தையும் காரத்தையும் நியமித்துப் பார்க்கும் பரிசோதனை. எனக்கு வந்த அளவீடு 24.6, பக்கத்திலிருந்த நண்பனுக்கு வந்தது 24.1. அவன் வகுப்பின் முதல் மாணாக்கன். எனவே, என் எண்ணின் கடைசி இலக்கத்தை அலகினால் மெல்லச் சுரண்டி, ஆறினை ஒன்றாக்கினேன். ஆசிரியர் கொப்பியை வாங்கினார். பக்கத்தைச் சாளரத்து வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து ஒளி ஊடுருவிற்று. அவர் ஏசவில்லை. "தவறான அளவீட்டுக்கு இரண்டு புள்ளி குறையும். மறைத்த அளவீட்டுக்கு இந்தக் கொப்பியின் மற்றப் பக்கங்கள் எல்லாவற்றின்மேலும் எனக்கு நம்பிக்கை குறையும்" என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தார். அன்று வெயிலிற் பிடித்த அந்தத் தாள் பத்து ஆண்டுகளின் பின் என் கண்முன் மீண்டும் வந்தது.

வைத்திய பீடத்திற் பட்டம் பெற்று, உள்ளகப் பயிற்சியையும் முடித்து, 1978 இல் வன்னியில் ஒரு சிறிய வைத்தியசாலைக்குத் தனி வைத்தியனாக அனுப்பப்பட்டேன். இருபது கட்டில்கள், ஒரு பிரசவ அறை, மருந்து கலக்கும் அறை, அனுபவம் மிக்க முதிய அப்போதிக்கரி ஒருவர், மூன்று தாதியர். சத்திரசிகிச்சை வேண்டுவோரை நாற்பது மைல் தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பல்வேண்டும். அம்புலன்சு வண்டி ஓடும் நாளும் உண்டு. ஓடாத நாளும் உண்டு.

ஒருநாள் இரவு எட்டு மணியளவில், கமக்காரர் ஒருவர் தம் பத்து வயது மகனைச் சைக்கிளில் எட்டு மைல் தூரம் ஏற்றிவந்தார். பையனுக்கு வயிற்றுவலி. முதல்நாள் இரவு இரண்டு பிரசவங்கள் பார்த்து நான் உறங்காதிருந்தேன். இது காரணமேயன்றிச் சமாதானம் ஆகாது. தொப்புளைச் சுற்றி வலிக்கின்றது என்றான் பையன். வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். என்ன உண்டான் என்று கேட்டேன். வயிற்றுப் பூச்சியால் வந்த குத்து எனத் தீர்மானித்து, பூச்சி மருந்தும் ஒரு கலவை மருந்தும் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வலி இடம் மாறினாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே திரும்பி வரும்படி சொல்லவில்லை. வெளிநோயாளர் பதிவேட்டில் "வயிற்றுவலி, கலவை மருந்து" என்று இரண்டே சொற்றொடர் எழுதினேன். தாதி அப்பிள்ளையின் உடல் வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து தன் புத்தகத்திற் குறித்திருந்தாள். அதனை நான் பார்க்கவில்லை.

குடல்வால் அழற்சி தொடக்கத்திற் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியே வலிக்கும். சில மணி நேரத்தின் பின்னரே அவ்வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். சிறுவரிடத்து அக்குடல்வால் விரைவில் வெடித்துவிடும். வெடித்தவுடன் வலி சற்றுத் தணிந்தது போலவும் தோன்றும். இவற்றையெல்லாம் நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவன். மறுநாட் காலையிற் பையனுக்கு வலி தணிந்தது. டொக்டரின் மருந்து வேலைசெய்துவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்தனர். மாலையிற் காய்ச்சல் ஏறியது. மூன்றாம் நாள் விடியுமுன், உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பையனைக் கிடத்திக் கொண்டுவந்தனர். வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. கண்ட மாத்திரத்தே என் தவறு எனக்கு விளங்கிற்று. அன்று அம்புலன்சு வண்டி ஓடியது. அதுவே எங்கள் நல்லூழ்.

வண்டி புறப்பட்டுப் போனபின், முதிய அப்போதிக்கரி என்னருகே வந்தார். என்மேல் உண்மையான அன்புடையவர். பதிவேட்டைத் திறந்து என் எழுத்தின் பின்னே இருந்த வெற்றிடத்தை விரலாற் காட்டினார். நான்கு விரலளவு இடம். "தம்பி, இதிலை ஒரு வரி எழுதிவிடுங்கோ. 'தங்கிநிற்கச் சொல்லப்பட்டது, தகப்பன் மறுத்துவிட்டார்' எண்டு. உங்களைவிடப் பெரிய ஆக்களும் எழுதினதைக் கண்டிருக்கிறன். பிள்ளைக்கு ஏதும் நடந்தால், உங்கடை சீவியம் அல்லோ போகும்" என்றார்.

பேனையை எடுத்தேன் என்பதை ஒளிக்கமாட்டேன். எனக்கு வயது இருபத்தேழு. வீட்டில் மணமாகாத தங்கையர் இருவர். மூடியைக் கழற்றினேன். அந்தக் கணத்தில், வெயிலுக்கு நேரே பிடிக்கப்பட்ட அந்தத் தாள் கண்முன் வந்தது. என்னைத் தடுத்தது அறம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எவரேனும் இந்தப் பக்கத்தை வெளிச்சத்திற் பிடிப்பார் என்ற அச்சமே பெரும்பங்கு. எவ்வாறாயினும் அந்த வெற்றிடத்தில் நான் எழுதவில்லை. அன்றைய திகதியையும் நேரத்தையும் இட்டுப் புதிய வரியில், "முன்னர் வந்தபோது வயிறு போதிய அளவு பரிசோதிக்கப்படவில்லை, தங்கிநிற்கும்படி கூறப்படவில்லை, இன்று குடல்வால் வெடித்த குறிகள் உள" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பையன் பிழைத்தான். ஆயினும் வயிற்றினுள் சீழ் கட்டியமையால் இரண்டாம் முறையும் சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. இருபத்தாறு நாட்கள் வைத்தியசாலையிற் கிடந்தான். அவன் வந்த இரவில், அவனது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பதினெட்டு நாட்களே இருந்தன. அப்பரீட்சையை அவன் எழுதவில்லை.

தந்தை சுகாதாரத் திணைக்களத்துக்கு மனு அனுப்பினார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நம் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்துப் பின்னர்ச் சட்டத்தரணியான நண்பனிடம் சென்றேன். "கேட்ட கேள்விக்கு மாத்திரம் விடை சொல். மன்னிப்புக் கேளாதே, மன்னிப்பு என்பது ஒப்புக்கொள்ளல். நாளை அதனையே நீதிமன்றத்திற் காட்டுவார்கள்" என்றான் அவன். அவன் சொன்னது தன் தொழிலுக்கு முற்றும் சரியான புத்திமதி.

விசாரணை அதிகாரி, என் பதிவேட்டையும் தாதியின் புத்தகத்தையும் அருகருகே வைத்து வாசித்தார். தாதியின் புத்தகத்தில் வெப்பம், நாடித்துடிப்பு, வந்த நேரம் ஆகியவற்றின் பின்னே, கடைசி நிரலில் "டொக்டர் வீட்டுக்கு அனுப்பினார்" என்றும் எழுதியிருந்தது. தகப்பன் மறுத்தார் என்ற அந்தப் பொய்யை நான் எழுதியிருந்தால், அந்த மேசையிலேயே அது அம்பலமாகியிருக்கும். கவனக்குறைவு என்ற சிறிய குற்றம், ஆவணத்தைப் புரட்டினான் என்ற பெரிய குற்றமாகி, என் பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்தே நீங்கியிருக்கவும் கூடும்.

தந்தையிடம், "உமக்கு என்ன வேண்டும்?" என்று அதிகாரி கேட்டார். அவர் எழுந்து நின்று, "ஐயா, நான் ஆரையும் மறியலுக்கு அனுப்ப வரேல்லை. பிள்ளையை வீட்டை கொண்டுபோ எண்டு ஏன் சொன்னவர் எண்டு அறியத்தான் வந்தனான். ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லேல்லை" என்றார்.

விசாரணை முடிந்தபின் விறாந்தையில் அவரிடம் சென்று, நடந்தவற்றை நடந்தபடியே சொன்னேன். களைத்திருந்தேன் என்பதையும், தாதியின் புத்தகத்தைப் பார்க்கவில்லை என்பதையும், தவறு என்னுடையதே என்பதையும் சொன்னேன். நண்பனின் புத்திமதியை நான் மீறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம், ஐயா" என்று மாத்திரம் சொல்லித் தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஓராண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுக்கவில்லை. அதற்கு என் பேச்சுத்தான் காரணம் என்று பெருமை கொள்ள எனக்கு உரிமையில்லை. நீதிமன்றம் செல்ல அவரிடம் பணமில்லை என்பதே காரணமாயிருக்கலாம்.

இனி, சட்டம் இவ்விடயத்தில் என்ன சொல்கின்றது என்பதை மாணாக்கரின் பொருட்டுச் சுருக்கமாகக் கூறுவேன். வைத்தியனைத் தண்டிக்கும் எண்ணம் புதியதன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஆண்ட ஹமுராபியின் சட்டம், வைத்தியன் கத்தியால் அறுத்தமையால் உயர்குடியினன் ஒருவன் இறந்தால் அவ்வைத்தியனின் கைகளை வெட்டும்படி விதித்தது. அச்சட்டம் விளைவை மாத்திரம் பார்த்தது. வைத்தியன் கவனமாகச் செய்தானா, கவனமின்றிச் செய்தானா என்று அது கேட்கவில்லை. இக்காலச் சட்டம் கேட்கும் முதற் கேள்வி அதுவேயாகும்.

நம் நாட்டில் வைத்தியன் நான்கு வாயில்களில் விடை சொல்லவேண்டியவன். முதலாவது குடியியல் நீதிமன்றம். இங்கு வழங்குவது ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற உரோம - டச்சுச் சட்டம். வழக்காளி மூன்றினை நிறுவல்வேண்டும்: வைத்தியன் தனக்குரிய கவனத்தினின்றும் வழுவினான் என்பது, தனக்கு நட்டம் நேர்ந்தது என்பது, அவ்வழுவினாலேயே அந்நட்டம் நேர்ந்தது என்பது. வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல்வேண்டும். அரசாங்க வைத்தியனின் தவற்றுக்காக அரசின்மீது வழக்குத் தொடுத்தல் முன்னர் இயலாதிருந்தது. 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமே அவ்வழியைத் திறந்தது. இரண்டாவது குற்றவியல் நீதிமன்றம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, அசட்டையான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவிப்போர்க்கு ஐந்தாண்டுவரை சிறை விதிக்கின்றது. வண்டியோட்டிக்கும் வைத்தியனுக்கும் அப்பிரிவு ஒன்றே. மூன்றாவது, 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இயங்கும் மருத்துவப் பேரவை; வைத்தியனின் பெயரைப் பதிவேட்டினின்று நீக்கும் அதிகாரம் அதற்குண்டு. நான்காவது, அரசாங்க ஊழியனாயின், திணைக்கள விசாரணை. நான் நின்றது இந்த நான்காம் வாயிலில் மாத்திரமே.

உரிய கவனம் என்பது யாது? இதற்கு ஆங்கிலேய நீதிமன்றங்கள் கூறிய விடைகளை நம் நீதிபதிகளும் நோக்குவர். 1954 இல் இலண்டனில் ஒரு மனநோயாளிக்கு, தசையைத் தளர்த்தும் மருந்து கொடாமல் மின்னதிர்ச்சிச் சிகிச்சை செய்தனர். அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. அவ்வழக்கு 1957 இல் விளங்கப்பட்டது. அத்துறையிற் பொறுப்புடைய வைத்தியர் ஒரு சாரார் சரியெனக் கொள்ளும் முறைப்படி ஒருவன் நடந்தானாயின், வேறொரு சாரார் வேறுவிதமாகச் செய்வர் என்பதுகொண்டு அவனைக் குற்றவாளி ஆக்கலாகாது என்பதே அங்கு வகுத்த விதி. போலம் வழக்கு என வழங்கும் இது நெடுங்காலம் வைத்தியர்க்குக் கேடயமாயிற்று. 1997 இல் பொலித்தோ வழக்கில் அக்கேடயத்திற்கு ஓர் எல்லை வகுத்தனர். வைத்தியர் பலர் சொல்வதனால் மட்டும் போதாது. அவர் சொல்வது ஆராய்ச்சிக்கு நிற்கும் நியாயமுடையதாயும் இருத்தல்வேண்டும் என்றனர்.

1954 இல் தீர்ந்த றோ வழக்கை வைத்திய மாணாக்கர் அனைவரும் அறிதல் நன்று. 1947 இல் இங்கிலாந்தில் ஒரே நாளில் ஒரே வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை பெற்ற இருவர்க்கு முதுகுத்தண்டில் மயக்க மருந்து ஏற்றினர். இருவர்க்கும் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. மருந்துக் கண்ணாடிக் குப்பிகளைக் கிருமி நீக்கும்பொருட்டுப் பீனோல் நீரில் இட்டு வைத்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகளின் வழியே பீனோல் உட்புகுந்ததே காரணம் என நீதிமன்றம் கண்டது. ஆயினும், அவ்வாறு புகக்கூடும் என்பது 1947 இல் வைத்திய உலகம் அறியாதது. ஆதலின், பின்னர் வந்த அறிவைக்கொண்டு முன்னர் நிகழ்ந்த செயலைக் குற்றமாக்கலாகாது என்று தீர்த்தனர். நீதி இது, ஆனால் அவ்விருவரும் ஒன்றும் பெறாமலே வீடு திரும்பினர் என்பதையும் மறத்தலாகாது. வைத்தியன் குற்றமற்றவனாதலும் நோயாளி துன்பமற்றவனாதலும் ஒன்றல்ல.

நம் நாட்டில் இவ்விடயத்திற் புகழ்பெற்ற தீர்ப்பு 2001 இல் உயர் நீதிமன்றம் வழங்கியது. ஒரு சிறுமியின் மூளைத்தண்டில் வளர்ந்த கட்டியை உரிய காலத்திற் கண்டறியவில்லை எனக் குழந்தை வைத்திய நிபுணர் ஒருவர்மீது தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 250,000 ரூபாவாகக் குறைத்தது. உயர் நீதிமன்றம் அதனையும் நீக்கியது. தவற்றினாலேயே மரணம் நேர்ந்தது, அல்லது விரைந்தது, என்பது நிறுவப்படவில்லை என்பது அதன் முடிபு. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு நம் சட்டத்தில் நட்டஈடு இல்லை என்பதும் அத்தீர்ப்பால் தெளிவாயிற்று.

அத்தீர்ப்பை வாசித்த நாளில் அந்த வன்னிச் சிறுவனையே நினைத்தேன். அவன் தந்தை என்மீது வழக்குத் தொடுத்திருந்தால் என் தவறு நிறுவப்பட்டிருக்கும். அன்றிரவே அவனை அனுப்பியிருந்தால் குடல்வால் வெடிக்குமுன் அகற்றியிருக்கலாம் என்பதும் பெரும்பாலும் நிறுவப்பட்டிருக்கும். செலவுக்கும் நோவுக்கும் பணம் கிடைத்திருக்கும். அவன் எழுதாத பரீட்சைக்கு என்ன கிடைத்திருக்கும்? அவன் அதில் தேறியிருப்பான் என்று எவர் நிறுவவல்லார்? தேறியிருந்தால் பட்டினத்துக் கல்லூரியொன்றின் விடுதிக்கு, ஒருவேளை நம் கல்லூரிக்கே, வந்திருப்பான். இந்த மலரில் அவனும் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அவன் ஊர்ப் பாடசாலையிலேயே படித்தான் என்று பின்னர்க் கேள்விப்பட்டேன். போர்க்காலத்தில் அக்கிராமமே இடம்பெயர்ந்தது. அதன்பின் அவனைப் பற்றி ஒன்றும் அறியேன். சட்டத்தின் தராசில் ஏறாத கடன் ஒன்று என்மேல் இன்றும் உண்டு.

வழக்குக்கு அஞ்சுதல் வைத்தியனைத் திருத்துமா என்று என்னைக் கேட்போர் உளர். ஓரளவு திருத்தும். அளவு மிஞ்சினாற் கெடுக்கும். அஞ்சிய வைத்தியன், நோயாளிக்கு வேண்டியதைச் செய்யாது, தனக்குச் சாட்சியாவதைச் செய்வான். வேண்டாத இரத்தப் பரிசோதனை, வேண்டாத படம், வேண்டாத சத்திரசிகிச்சை ஆகியன பெருகும். ஆபத்தான நோயாளியை ஏற்காது அடுத்த வைத்தியசாலைக்கு அனுப்புவான். அவ்வழியிலே உயிர் போகும். 1990களில் வடக்கில் மின்சாரமும் மருந்தும் அரிதாயிருந்த காலத்தில், அரிக்கேன் விளக்கின் ஒளியிற் சிகிச்சை செய்தோம். வழக்கை எண்ணியிருந்தால் எங்களில் எவரும் கத்தியைத் தொட்டிருக்க இயலாது. உள்ள சூழ்நிலையில் நியாயமான கவனத்தையே சட்டம் கேட்கின்றது. இல்லாத வசதியைக் கேட்பதில்லை. இதனை இளம் வைத்தியர் அறிந்தால் வீண் அச்சம் நீங்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லல்வேண்டும். 2015 இல் பிரித்தானியாவின் உயர் நீதிமன்றம் மொன்ற்கொமரி வழக்கைத் தீர்த்தது. நீரிழிவுடைய தாயொருத்திக்கு, இயற்கைப் பிரசவத்திற் பிள்ளையின் தோள் சிக்கக்கூடிய அபாயத்தை வைத்தியர் சொல்லவில்லை. பிள்ளை மூளைப் பாதிப்புடன் பிறந்தது. எதைச் சொல்லல்வேண்டும் என்பதை வைத்தியரின் வழக்கத்தைக்கொண்டு மாத்திரம் தீர்த்தலாகாது; அந்நோயாளியின் நிலையிலுள்ள ஒருவர் எதனை அறிய விரும்புவாரோ அதனைச் சொல்லல்வேண்டும் என்பது தீர்ப்பு. இது கடல் கடந்து வந்த புதுமை போலத் தோன்றலாம். ஆனால் 1978 இல் விசாரணை மேசைமுன் எழுந்து நின்ற வன்னிக் கமக்காரர் கேட்டதும் இதுவே அன்றோ? யாழ்ப்பாணத்துக்கு 1847 இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். நோயாளியின் மொழியிற் பேசவறியாத வைத்தியன் அரை வைத்தியனே. நாமோ, தமிழராயிருந்தும், தமிழ் நோயாளியிடம் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கின்றோம். திருவள்ளுவர் மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தபோது நோயாளியையே முதற் கூறாக வைத்தார் என்பதை நினைத்தல் தகும்.

வைத்தியத் துறையை நாடும் நம் கல்லூரித் தம்பியர்க்குச் சில சொற்கள். நீங்கள் தவறு செய்வீர்கள். தவறு செய்யாத வைத்தியன் நோயாளியைப் பாராத வைத்தியனே. தாதி எழுதியதை வாசியுங்கள். நீங்கள் காணாததை அவள் கண்டிருப்பாள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, எக்குறி தோன்றினால் உடனே திரும்பி வரல்வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வசனத்தை நான் அன்று சொல்லியிருந்தால் அச்சிறுவன் மறுநாள் மாலையே வந்திருப்பான். கண்டதையும் செய்ததையும் அப்பொழுதே எழுதுங்கள். பின்னர் எழுத நேர்ந்தால், எழுதும் நாளின் திகதியையே இட்டு எழுதுங்கள். பிழையானதை ஒரு கோட்டினால் வெட்டுங்கள், அழியாதீர்கள். கணினியில் எழுதினும் இதுவே விதி. தவறு நேர்ந்தால், உரியவரிடம் நீங்களே, அன்றைக்கே, சொல்லுங்கள். சட்டத்தரணி வேறுவிதமாகச் சொல்லலாம். அவர் உங்கள் வழக்கைக் காப்பவர். நீங்கள் காக்கவேண்டியது வேறும் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரிக்குச் சென்றபோது பழைய ஆய்வுகூடத்துள் நுழைந்து பார்த்தேன். மேசைகள் புதியன, அந்தச் சாளரம் மாத்திரம் அப்படியே இருக்கின்றது. பிற்பகல் வெயில் அதே கோணத்தில் விழுந்துகொண்டிருந்தது. மாணவன் ஒருவன் தன் செய்முறைக் கொப்பியில் ஏதோ அழித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சென்று, என் ஆசிரியர் எனக்குக் கற்பித்த விதியைச் சொன்னேன். அவன் ஏனென்று கேட்டான். அதற்கு விடையாக இக்கட்டுரையை எழுதினேன்.